வெள்ளிக்கிழமை மட்டும் ஓடிய கம்ப்யூட்டர்கள்

திங்கட்கிழமை புதிதாக வேலைக்குச் சேரும் நீங்கள் ஐந்து பேரும் வந்து உட்காரப் போகும் மேஜையில் நான் பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். மும்பை மாட்டுங்கா ஸ்டேஷனிலிருந்து நான்கு நிமிட நடை. முன்பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டர் விற்கும் கடை. உள்ளே மாடிப்படிக்கு அடியில் நம் சப்போர்ட் மேஜை. ஐம்பத்து நான்கு வயதில் விலகிவிட்டேன். ஹெட்போன் மாட்டி மாட்டி இடது காது மந்தமாகிவிட்டது, அவ்வளவுதான். ஆர்வம் குறையவில்லை. இப்போதும் பேங்கில், ஆஸ்பத்திரியில், எங்கே போன் அடித்தாலும் கை தானாக நீள்கிறது.

கம்ப்யூட்டருக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அது விற்றுப் போய் எந்த மாதிரி வீட்டில், யார் பக்கத்தில், எந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்காருகிறது என்பதுதான் யாரும் சொல்லித்தராத விஷயம். அதை நான் கற்றுக்கொண்டது ஒரே வாரத்தில். அந்த ஆறு நாட்களை நினைத்தால் இன்றும் எனக்குப் படபடப்பாக, சந்தோஷமாக இருக்கிறது.

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் சான்பாடாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நான் சொன்னதைச் செய்தார், கம்ப்யூட்டர் ஓடியது. ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிட்டேன் என்று பெருமையாக நோட்டில் ‘சரியானது’ என்று எழுதினேன். மறுபடி அவர் கூப்பிடவே இல்லை. ஒரு வருடம் கழித்து ரயிலில் அவரைப் பார்த்தபோது, “அது மறுநாளே நின்னுடுத்து. உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு வேற கடையில புதுசு வாங்கிட்டேன்” என்றார், மிக மரியாதையாக. அன்றிலிருந்து ‘சரியானது’ என்று எழுதுவதை நிறுத்தினேன். கூப்பிட்டவர் பெயர், நாள், மணி, அந்த நிமிடம் அவர் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நாலு கட்டம் போட்டுக்கொண்டேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். “மேடம், பக்கத்து வீட்டு குக்கர் எத்தனை விசில் அடிச்சதுன்னும் எழுதுங்க” என்பான் செல்வம்.

செல்வம் நம் வெளிவேலை டெக்னீஷியன். தாராவியில் பிறந்து வளர்ந்தவன்; அவன் அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். பைக்கை எடுத்தால் அவனுக்குத் தெரியாத சந்து கிடையாது.

இனி அந்த வாரம்.

அதற்கு மூன்று மாதம் முன்பு எங்கள் முதலாளி தாராவிக்காக ஒரு விளம்பரம் போட ஆசைப்பட்டார். அவருக்கு விளம்பரம் என்றால் உயிர். “சினிமா நடிகையெல்லாம் வேண்டாம். அங்க வாழற குடும்பத்தையே போடணும்” என்றார். நல்ல யோசனை. யாரைப் போடுவது? காதர் பாய் பெயரைச் சொன்னவள் நான்தான். நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அவருக்குத் தோல் பட்டறை. பை, பர்ஸ் தைக்கிறார்கள். பட்டறைக்கு மேலேயே வீடு. மகள் ரிஸ்வானா காலேஜில் படிக்கிறாள், நம் கம்ப்யூட்டரை அப்போதுதான் வாங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் முன்னால் ரிஸ்வானா சிரிக்க, பின்னால் பாய் கைகட்டி நிற்க, பெரிய பேனர். தமிழிலும் ஹிந்தியிலும் வாசகம்: ‘எது ஆனாலும் வீட்டுக்கே வந்து சரி செய்வோம்.’ அதை எழுதியதும் நான்தான்.

பேனர் சந்து முனையில் ஏறியது. அந்த ஒரு சந்திலேயே மேலும் எட்டு வீடுகள் வாங்கின. அத்தனை பேரும் கடைக்கு வந்து சொன்ன வார்த்தை ஒன்றே: “பாய் வீட்டுல இருக்குறதையே குடுங்க.” முதலாளி இனிப்பு வாங்கிக் கொடுத்தார்.

பிறகு போன் அடிக்க ஆரம்பித்தது.

ஒரே புகார். ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று திரை கறுக்கும், தானாக மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எழுதியதெல்லாம் போச்சு. ஒன்பது வீட்டிலும் இதே கதை. செல்வம் போனான், பார்த்தான், ஒன்றும் இல்லை. மறுபடி போனான். வோல்ட்டேஜ் சரியாக இருக்கிறது. மூன்று வீடுகளில் பவர் சப்ளையையே மாற்றிப் போட்டான். அவன் உட்கார்ந்திருக்கும் வரை கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்கும். மறுநாள் காலை போன் வரும்.

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு காதர் பாயே கூப்பிட்டார்.

“அக்கா, ஒரு விஷயம் சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதீய. எம் மவ சந்துல நடக்க முடியல. ‘பேனர்ல சிரிக்கா, வீட்டுல அழுதா’ன்னு பயலுவ பாட்டாவே பாடுதானுவ. எட்டு வீட்டுக்காரனும் எங்கிட்டதான் வந்து நிக்கான். அவன் என்ன உங்க மூஞ்சியப் பாத்தா வாங்குனான்? எம் மூஞ்சியப் பாத்துல்லா வாங்குனான்!”

“புரியறது பாய். நான்...”

“சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன். சரியாகலன்னா ஒம்பது பொட்டியையும் டெம்போவுல ஏத்தி உங்க கடை வாசல்ல அடுக்கிருவேன். பேனரையும் சேத்து.”

முதலாளியிடம் இதைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“மேடம், ஐரோலியில ஒரு கம்பெனி இருக்கு. நூறு சீட், இருபத்துநாலு மணி நேரமும் போன் எடுக்கறாங்க. சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். இந்த மேஜையை அவங்ககிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன்.”

“அப்ப நாங்க மூணு பேரும்?”

“ஒன்பது கம்ப்யூட்டர் வாசல்ல வந்து நின்னா, உங்களை வச்சுக்கறதுக்கு நான் என்ன காரணம் சொல்லிக்கறது? நீங்களே சொல்லுங்க.”

சனிக்கிழமைக்குள் அந்தச் சந்து அமைதியாக வேண்டும். இல்லையென்றால் நம் சப்போர்ட் மேஜை கிடையாது. நான், செல்வம், போன் எடுக்கும் சுனிதா, மூன்று பேருக்கும் வேலை கிடையாது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு அந்தச் சந்திலிருந்து வந்த ஒவ்வொரு போனையும் ஒரு பெரிய தாளில் கட்டம் கட்டமாக மாற்றி எழுதினேன். பக்கவாட்டில் மணி, மேலே கிழமை. புகார் வந்த இடத்தில் ஒரு புள்ளி. மாலை நாலரை மணிக்குத் தாளை நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தேன். திங்கள் முதல் வியாழன் வரை புள்ளிகள் மிளகு தூவியது போல் கிடந்தன. சனியிலும் அப்படியே. ஞாயிறு, பட்டறை விடுமுறை, வெறுமை. வெள்ளிக்கிழமை காலையில் புள்ளிகள். பன்னிரண்டரை மணியிலிருந்து நாலு மணி வரை ஒன்றுகூட இல்லை. மூன்று மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம்கூட அந்தச் சந்தில் ஒரு கம்ப்யூட்டரும் நிற்கவில்லை!

“செல்வம், அந்தச் சந்துக்கு நீ எந்தக் கிழமை போவே?”

“வெள்ளிக்கிழமைதான் மேடம். ஜும்மா முடிஞ்சு வாங்கம்பாரு பாய். மத்த நாளுல அவருக்குத் தலைக்கு மேல வேல, வீட்டுல பொம்பளையாளுவ மட்டும் இருப்பாவ, போனா நல்லாருக்காது. வெள்ளின்னா அவரும் இருப்பாரு, சாப்பிடாம விடவும் மாட்டாரு.”

“மத்த எட்டு வீடு?”

“போனதோட அதையும் அப்பமே பாத்துருவேன். எதுக்கு ரெண்டு நட?”

“ஒவ்வொரு தடவையும் வெள்ளிக்கிழமை மதியம்தானா?”

“ஆமா மேடம்...” என்று ஆரம்பித்தவன் தாளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “ஐயோ” என்றான்.

தப்பு எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். சோம்பேறித்தனம் இல்லை, அறியாமையும் இல்லை. மரியாதை! மனிதர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போவது நம் வழக்கம். அந்த மரியாதையால், பட்டறை தொழுகைக்காக மூடியிருக்கும் நேரத்தில் மட்டுமே நாங்கள் போய்ச் சோதித்திருக்கிறோம். மற்ற நாட்களில் ஆட்கள் மாறி மாறிச் சாப்பிடப் போவதால் அங்கே மிஷின்கள் நிற்பதே இல்லை.

புதன்கிழமை பதினொரு மணிக்கு, பாயிடம் கேட்டுக்கொண்டுதான் நானும் செல்வமும் போனோம். சந்தின் அகலம் இரண்டு பேர் உரசாமல் போகலாம் என்ற அளவு. இரும்பு ஏணியில் ஏறி மேலே போனால் ரிஸ்வானாவும் அவள் அம்மாவும் இருந்தார்கள். அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ரிஸ்வானா ஏதோ கட்டுரையைத் திறந்து வைத்தாள்.

“ஆன்ட்டி, இப்ப நீங்க வந்திருக்கீங்கள்ல, இது ஏக்தம் நல்ல பிள்ளையாயிடும் பாருங்க. ஆளு பாத்து நடிக்கும்” என்றாள்.

கீழே ‘டொம்’ என்று ஒரு சத்தம். தோலை அச்சு வைத்து வெட்டும் பெரிய பிரஸ். அதன் மோட்டாரை நிறுத்தி நிறுத்திப் போடுவார்கள். தரை லேசாக அதிர்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. மோட்டார் அடங்கியது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடி உறுமிக் கிளம்பியது. டியூப்லைட் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டியது.

திரை கறுத்தது.

நான் கத்திவிட்டேன். சந்தோஷத்தில்! பத்தொன்பது வருடத்தில் ஒரு கம்ப்யூட்டர் நின்று போனதற்கு இவ்வளவு மகிழ்ந்தது அன்றுதான். மோட்டார் கிளம்பும் அந்தக் கணம் சந்தின் மின்சாரம் முழுவதையும் தன் பக்கம் இழுக்கிறது. விலையைக் குறைத்துக் காட்டுவதற்காக நாங்கள் அந்த செட்டில் யூபிஎஸ் சேர்க்கவில்லை. அதே சந்தில் எங்களிடம் முன்பே லேப்டாப் வாங்கியிருந்த பத்தாவது வீட்டிலிருந்து ஏன் புகாரே இல்லை என்பதும் அப்போது விளங்கியது. அதில்தான் பேட்டரி இருக்கிறதே.

இங்கேதான் நான் என் தொழில் வாழ்க்கையின் பெரிய முட்டாள்தனத்தைச் செய்தேன். ஏணியில் தடதடவென்று இறங்கி, பட்டறை வாசலில் நின்று, “கண்டுபிடிச்சுட்டேன் பாய்! உங்க பிரஸ்தான்! உங்க மிஷின்தான் எல்லாத்தையும் நிறுத்தறது!” என்று உரக்கச் சொன்னேன்.

பிரஸ் நின்றது. சந்து முழுக்கக் கேட்டிருந்தது.

எதிர்வீட்டு இசக்கியம்மாள் அக்கா அரிவாள்மணையை விட்டு எழுந்து வந்தார். எட்டு பேரில் அவர் ஒருவர். “அப்பம் எம் பய பரிச்ச எழுதயில கம்ப்யூட்டர் போச்சே, அது பாய் மிஷின் வேலயா? நாங்க என்னமோ கடக்காரன் ஏமாத்திட்டான்னுல்லா திட்டிட்டுக் கெடந்தோம்!”

மாடியிலிருந்து யாரோ ஓர் ஆள் குரல் கொடுத்தார். “பேனர்லயும் பாய், மிஷின்லயும் பாய். நல்ல வியாபாரம்!”

நாலு பேர் சிரித்தார்கள். காதர் பாயின் முகத்தை நான் பார்த்தேன். கோபம் இல்லை. பக்கத்து வீடுகளுக்கு நடுவில் பன்னிரண்டு வருடம் மானமாகத் தொழில் செய்தவர், ஒரு நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டியவராக நிற்கிறார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“எம் படத்தப் போட்டு வித்தீய. இப்பம் எம் மிஷின் மேல பழியப் போடுதீய. நல்லது அக்கா. சனிக்கிழம வரைக்கும் வேண்டாம். இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. செல்வம், ஏணிய எடுத்துட்டுப் போயி அந்தப் பேனர அவுருடே.”

செல்வம் என்னைப் பார்த்தான். ஏணியைத் தொடவில்லை.

காரணம் தெரிந்துவிட்டது, ஆனால் மேஜை போய்விட்டது. எனக்கு அரை நிமிடம் இருந்திருக்கும். ‘நான் சொன்னது உண்மைதானே’ என்ற பிடிவாதம் முதலில் வந்தது. உண்மைதான். ஆனால் பாதி உண்மை. ஒரு பிரஸ் பன்னிரண்டு வருடமாக ஓடும் சந்துக்கு, சோபா போட்ட ஹாலுக்கு விற்கிற கம்ப்யூட்டரை விற்றது யார்? இந்தப் பாதியைச் சத்தமாகச் சொன்னவள், மீதிப் பாதியையும் அதே சத்தத்தில், அதே ஆட்கள் முன்னால்தான் சொல்ல வேண்டும். தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டால் அது கணக்கில் வராது.

“இசக்கியம்மா அக்கா, எல்லாரும் கேளுங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன். பாய் மிஷின் இங்க பன்னிரண்டு வருஷமா ஓடறது. எங்க கம்ப்யூட்டர் வந்து மூணு மாசம்தான் ஆச்சு. புதுசா குடிவந்தவதானே ‘இங்க என்ன ஓடறது, எப்ப ஓடறது’ன்னு கேட்டிருக்கணும்? நாங்க கேக்கவே இல்லை. பாய்கிட்டயும் கேக்கலை, உங்க எட்டு பேர்கிட்டயும் கேக்கலை. ஃபோட்டோ எடுக்க வந்தப்ப சத்தமா இருக்குன்னு பிரஸ்ஸை நிறுத்தச் சொன்னதே நாங்கதான். தப்பு கடையோடது. பாய் மேல ஒரு துளிகூடக் கிடையாது.”

ரிஸ்வானா ஏணியின் பாதிப்படியில் நின்றுகொண்டு சொன்னாள்: “ஆமா வாப்பா, நிறுத்தச் சொன்னாங்க. நீங்ககூட மிஷின் நின்னா நஷ்டம்னு முணுமுணுத்தீங்க.”

இசக்கியம்மாள் அக்கா சிரித்துவிட்டார். “அதுஞ்சரி. பாய் மிஷின் போடலன்னா எங்க வீட்டுக்காரருக்கு ஏது வேல? அங்கனதான தைக்காரு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சரி, தப்பு உங்களது. பொறவு என்ன செய்யப் போறீய? பேசிட்டுப் போயிருவீயளோ?”

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒன்பது வீட்டுக்கும் யூபிஎஸ் வரும். நீங்க எதுவும் தர வேண்டாம். பாய் பிரஸ் ஓடிண்டிருக்கும்போதே மாட்டி, ஓடறதை உங்க கண்ணால பாத்தப்புறம்தான் நாங்க போவோம்.”

இதை முதலாளியைக் கேட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுத்தான் கேட்டேன். அவர், “உங்க கடைசி வாரம்னு நினைச்சு தாராளமா இருக்கீங்க போல” என்றார். ஆனால் ஸ்டாக் அறைச் சாவியைக் கொடுத்தார்.

வியாழக்கிழமை ஒன்பது வீட்டிலும் மாட்டினோம். பாய் தானே பிரஸ்ஸின் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார். ஒவ்வொரு ‘டொம்’முக்கும் மாடியிலிருந்து ரிஸ்வானா, “சாலு!” என்று கத்தினாள். ஓடுகிறது என்று அர்த்தம். எதிர்வீட்டிலிருந்து இசக்கியம்மாள் அக்காவின் பையன், “இங்கயும் சாலு!” என்றான். பிறகு ஒன்பது வீடுகளும் கத்த ஆரம்பித்தன. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கிரிக்கெட் மேட்ச் பார்க்கிறவர்களுக்கு ஏன் அப்படி ஆகிறது என்று அன்றுதான் புரிந்தது.

ஆனாலும் பாய் என்னிடம் அதிகம் பேசவில்லை. சனிக்கிழமை பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை பத்து மணிக்குக் கடை திறந்தோம். ஐரோலிக்காரர்கள் பன்னிரண்டு மணிக்கு வருவதாக ஏற்பாடு. பத்து நாற்பதுக்கு வாசலில் ஒரு டெம்போ வந்து நின்றது. சுனிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதலாளி எழுந்து நின்றார்.

காதர் பாய் இறங்கினார். டெம்போவில் தோல் கட்டுகள் இருந்தன. கம்ப்யூட்டர் ஒன்றுகூட இல்லை. அவர் கையில் மட்டும் சுருட்டிய பேனர். அதை முதலாளியின் மேஜை மேல் வைத்தார்.

“பொட்டியெல்லாம் நல்லாத்தான் ஓடுது. இது வேண்டாம் பாய்சாப்” என்றார்.

“ஏன்? இப்பதான் பிரச்சினை தீர்ந்துடுச்சே. படம் இன்னும் நல்லா வேலை செய்யுமே.”

“எம் மவ சிரிக்கத நம்பி எவனும் வாங்க வேண்டாம். ‘வீட்டுக்கு வந்து சரி செய்வோம்’னு போட்டிருக்கீய. கெட்டுப் போவும்னு நீங்களே சொன்ன மாதிரிலா இருக்கு? வாங்குறதுக்கு முன்னாடியே வந்து பாப்போம்னு போடுங்க. அக்கா அன்னைக்குச் சந்துல சொன்னாவள்லா, அதப் போடுங்க. அப்படிப் போட்டா எங்க பட்டறைச் சுவத்துலயே மாட்டிக்கிடுங்க.”

அவர் போன பிறகு முதலாளி என்னை எழுதச் சொன்னார். எழுதினேன்: ‘வாங்கும் முன் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டில் ஓடுமா என்று வந்து பார்த்துச் சொல்கிறோம்.’

“‘ஓடுமா’ன்னு கடைக்காரனே கேட்டா எவன் வாங்குவான் மேடம்?” என்றார்.

“தெரியலை சார். கேட்டுப் பாக்கலாம்.”

பேனர் அச்சாக நாளாகும். எனக்குப் பொறுக்கவில்லை. அந்த இரண்டு வரியை நம் மேஜை நம்பரோடு வாடிக்கையாளர்களின் வாட்ஸப் குழுவில் அப்போதே போட்டேன். மணி பதினொன்று ஐந்து.

பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது. முதலாளி, “ஸ்பீக்கர்ல போடுங்க” என்றார்.

“செம்பூர்லேர்ந்து பேசறேன்” என்றது ஒரு பெண்குரல். “எனக்கு யாரோ அனுப்பினாங்க. நான் உங்ககிட்ட இன்னும் எதுவும் வாங்கலை. பரவாயில்லையா?”

“தாராளமா சொல்லுங்க.”

“எங்க வீட்டுக்கு நேர் கீழ மாவு மிஷின் ஓடறது. பிள்ளைங்களுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கணும். இன்னிக்கு உங்க கடைக்கு வந்து எடுத்துக்கலாமா?”

முதலாளி என்னைப் பார்த்துத் தலையை வேகமாக ஆட்டினார். ஆமாம் என்று சொல், வரச் சொல். விற்பனை தானாக வாசலுக்கு வருகிறது.

“இன்னிக்கு வாங்காதீங்க” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். “மாவு மிஷின் எத்தனை மணிக்கு ஓடும்னு சொல்லுங்க. அந்த நேரத்துக்கு எங்க ஆள் வந்து பாக்கட்டும். எது சரிவரும்னு அதுக்கப்புறம் சொல்றோம்.”

நான் நோட்டைத் திறந்து மணிக் கட்டத்தில் பேனாவை வைத்தேன்.

“அப்படியா?” என்றார் அந்தப் பெண். “ஒரு நிமிஷம் இருங்க.” போனைக் கையால் மூடிக்கொண்டு யாரிடமோ பேசுவது கேட்டது. திரும்பி வந்தார். “பன்னெண்டரைலேர்ந்து ரெண்டு வரைக்கும் ஓடும். மேல் மாடியிலயும் பக்கத்து வீட்டுலயும்கூட வாங்கற ஐடியால இருக்காங்களாம். அவங்க வீட்டையும் பாத்துச் சொல்வீங்களான்னு கேக்கறாங்க.”

முதலாளி கண்ணைத் திறந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று இருபத்து நாலு.

“ஏய் செல்வம், பைக்கை எடு. நானும் வரேன்” என்று கிளம்பியவர், வாசற்படியில் நின்று திரும்பினார். “மேடம், பன்னெண்டு மணிக்கு ஐரோலிக்காரங்க வந்தா டீ குடுத்து அனுப்பிடுங்க. நான் மாவு மிஷின் பாக்கப் போயிட்டேன்னு சொல்லுங்க.”